வீட்டுப் பட்டறைக்கு ஃபோர்மேன் யார்?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "உங்க துறையில ஏதாவது ஒரு விஷயம் பேசுங்க" என்றார். "மற்றவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள்?" என்று கேட்டேன். ரோபோ, செயற்கை நுண்ணறிவு, மின்சாரக் கார் என்று அடுக்கினார். "அப்படியானால் நான் இரண்டாயிரம் ரூபாய் மிஷினைப் பற்றிப் பேசுகிறேன்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தாராளமா பேசுங்க" என்றார். அவருக்கு முதலில் என் நன்றி.

இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டிலாவது ஒரு டிரில்லிங் மிஷின் இருக்கும். பலர் வீட்டில் ஆங்கிள் கிரைண்டர் இருக்கும். சிலர் கார் ஷெட்டின் ஒரு மூலையிலோ, மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழேயோ வைஸ், பெஞ்ச், மார்பிள் கட்டர் எல்லாம் வைத்து ஒரு குட்டிப் பட்டறையே நடத்துவீர்கள். 2020-இல் ஊரடங்கின்போது வேலையாள் வர முடியாமல் போனதில் பலர் வீட்டு வேலையைத் தாங்களே செய்யப் பழகினார்கள். நல்ல பழக்கம். கை வேலை செய்பவனுக்கு மரத்தின் அருமையும் தெரியும், இரும்பின் அருமையும் தெரியும். ஆகவே, "வீட்டில் மிஷின் எல்லாம் எதற்கு, விட்டுவிடுங்கள்" என்று சொல்ல நான் வரவில்லை. அந்த மிஷினோடு கூடவே வந்திருக்க வேண்டிய ஒருவர் வரவில்லையே, அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

ஒரு சின்ன வரலாறு சொல்கிறேன். கையில் பிடித்து வேலை செய்யும் மின்சார டிரில் 1895-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் என்ற நிறுவனத்தில் உருவானது. 1917-இல் அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனத்தார், துப்பாக்கி போன்ற கைப்பிடியும் விரலால் அழுத்தும் ஸ்விட்சும் வைத்த டிரில்லுக்குக் காப்புரிமை பெற்றார்கள். இன்று நம் கையில் இருக்கும் டிரில்லுக்கு அதுதான் தாத்தா. இரண்டாம் உலகப் போரின்போது தொழிற்சாலை ஆட்கள் இந்த டிரில்களை வீட்டு வேலைக்கு எடுத்துப் போவதைக் கவனித்த அதே நிறுவனம், 1946-இல் வீட்டு உபயோகத்துக்கென்றே விலை குறைந்த டிரில்களை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1954-இல் ஜெர்மனியில் ஃபிளெக்ஸ் நிறுவனம் ஆங்கிள் கிரைண்டரைக் கொண்டு வந்தது. நாம் நகல் எடுப்பதை ஜெராக்ஸ் என்கிற மாதிரி, அங்கே கிரைண்டருக்கே ஃபிளெக்ஸ் என்று பெயர் நிலைத்துவிட்டது.

ஆகப் பார்த்தால், இவை எல்லாம் தொழிற்சாலைக்காகப் பிறந்தவை. தொழிற்சாலையில் இந்த மிஷினைச் சுற்றி என்னென்ன இருந்தது? டிஸ்கைச் சரிபார்த்துக் கொடுக்க ஸ்டோர் கீப்பர், வயரைப் பார்க்க எலெக்ட்ரீஷியன், பக்கத்தில் இன்னொரு தொழிலாளி, முதலுதவிப் பெட்டி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஃபோர்மேன். நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, ஆபத்தான சுழலும் பாகங்களுக்கு வேலி போட வேண்டும் என்று சொன்னது. அந்த வேலியைத்தான் நாம் வீட்டில் "இடைஞ்சலா இருக்கு" என்று ஸ்குரு டிரைவர் போட்டுக் கழற்றி அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிடுகிறோம். மிஷின் மட்டும் வீட்டுக்கு வந்துவிட்டது. ஃபோர்மேன் வரவில்லை.

நம் கல்லூரி ஒர்க் ஷாப்பை நினைத்துப் பாருங்கள். லேத் சக்கில் சாவியை விட்டுவிட்டுக் கையை எடுத்தால் என்ன நடக்கும்? மிஷின் ஓடியிருக்காது, ஆனாலும் திட்டு விழும். ஷூ போடாமல் வந்தால் வாசலோடு சரி. அப்போது நமக்கெல்லாம், "இவருக்கு வேற வேலையே இல்லையா" என்று தோன்றும். ஒரு விஷயத்தை இப்போது யோசித்துப் பாருங்கள். ஃபோர்மேனுக்கு நம்மைவிட அறிவு அதிகம் என்பதற்காக மட்டும் அவர் அங்கே நிற்கவில்லை. நமக்கு வேலையை முடிக்க வேண்டும் என்ற அவசரம் இருக்கிறது. அவருக்கு அது இல்லை. அவசரம் இல்லாத ஒரு ஜோடிக் கண் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் அவர்.

வீட்டில் அந்த இரண்டு பேரும் நாமேதான். அதனால் நான் ஒரே ஒரு கட்டுப்பாடு சொல்கிறேன். பிளக்கை மாட்டுவதற்கு முன்னால் நீங்கள் ஃபோர்மேன். மாட்டிய பிறகு தொழிலாளி. யோசிப்பது, அளப்பது, டிஸ்க் மாற்றுவது, மூடியைத் திருப்புவது, மரத்தை கிளாம்ப் போட்டு இறுக்குவது, இந்த முறையில் வெட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது, எல்லாமே பிளக் வெளியே இருக்கும்போது. மாட்டிய பிறகு புதிதாக ஒரு முடிவு எடுக்க வேண்டி வந்தால், பிளக்கைப் பிடுங்குங்கள். மறுபடி ஃபோர்மேன் ஆகுங்கள். இன்று நான் சொல்லப் போகும் மற்றதெல்லாம் இந்த ஒரு வரியின் விளக்கம்தான்.

கிரைண்டரை எடுத்துக் கொள்வோம். வீட்டு மிஷின்களில் அதிக மரியாதை தர வேண்டிய மிஷின் இதுதான். குறைவான மரியாதை கிடைக்கும் மிஷினும் இதுதான். 4 இன்ச் டிஸ்க், நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று. கணக்குப் போடுங்கள் தம்பிகளே. டிஸ்கின் விளிம்பு விநாடிக்குச் சுமார் 58 மீட்டர் வேகத்தில் போகிறது. அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். அதில் ஒரு துண்டு பிய்ந்து வந்தால், அதே வேகத்தில்தான் கிளம்பும். அது வரும் பாதை எது? டிஸ்க் சுழலும் அதே தளம். மூடி போட்டிருந்தால் அந்தத் தளத்தில் உங்கள் பக்கம் இரும்புத் தகடு இருக்கிறது. மூடி இல்லாவிட்டால் உங்கள் முகம் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஏதாவது ஆனால் உடனே விட்டுவிடுவேன்" என்று சிலர் சொல்வார்கள். ஒரு விஷயத்தைப் பார்த்து, புரிந்து, கை அசைவதற்கு மனிதனுக்குச் சுமாராக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமாவது பிடிக்கும். அதற்குள் அந்த டிஸ்க் முப்பது சுற்றுக்கு மேல் சுற்றி முடித்திருக்கும். மிஷினோடு வேகப் போட்டி நடத்தி ஜெயித்தவர் கிடையாது.

அடுத்தது டிஸ்க். ஒவ்வொரு டிஸ்கின் மேலும் அதிகபட்ச வேகம் அச்சடித்திருக்கும். சாதாரணமாக விளிம்பு வேகம் விநாடிக்கு 80 மீட்டர். அந்தக் கணக்குப்படி 4 இன்ச் டிஸ்க் 15,000 சுற்றுக்கு மேலும் தாங்கும். 7 இன்ச் டிஸ்கோ ஏறத்தாழ 8,500 சுற்றுதான் தாங்கும். அந்த 7 இன்ச் டிஸ்கை, மூடியைக் கழற்றிவிட்டு, நடுவில் ஒரு புஷ் போட்டு 4 இன்ச் மிஷினில் மாட்டினால்? விளிம்பு வேகம் விநாடிக்கு 100 மீட்டரைத் தாண்டிவிடும். சுழலும் பொருளுக்குள் ஏற்படும் இழுவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்பது நாம் படித்த பாடம். அதாவது அந்த டிஸ்க் தாங்க வேண்டியதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் தாங்க வேண்டியிருக்கும். மூடி துண்டுகளைத் தடுப்பதற்கு மட்டும் இல்லை. பெரிய டிஸ்கை மாட்ட விடாமல் தடுப்பதற்கும்தான். அதைக் கழற்றினால் இரண்டு பாதுகாப்பும் ஒரே நேரத்தில் போய்விடும்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. ரெசின் சேர்த்துச் செய்த டிஸ்குகளுக்கு மருந்து மாதிரி காலாவதித் தேதி உண்டு. நல்ல டிஸ்குகளில் நடுவில் இருக்கும் உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். ஈரத்தில் கிடந்த டிஸ்க், கீழே விழுந்த டிஸ்க், விளிம்பு உடைந்த டிஸ்க், இவற்றை எல்லாம் குப்பையில் போடுங்கள். போடுவதற்கு முன் இரண்டாக உடைத்துப் போடுங்கள், வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது. வெட்டும் டிஸ்க் ஒரு மில்லிமீட்டர்தான் கனம். அதைச் சாய்த்து வைத்துத் தேய்க்காதீர்கள். தேய்ப்பதற்குக் கனமான டிஸ்க் தனியாக இருக்கிறது. புதிதாக ஒன்று மாட்டினால், யாரும் இல்லாத பக்கம் திருப்பி அரை நிமிடம் சும்மா ஓட விடுங்கள். உடைய வேண்டியது அப்போதே உடையட்டும். மரம் அறுக்கும் பல் வைத்த பிளேடைக் கிரைண்டரில் மாட்டவே வேண்டாம். மரத்தில் பல் மாட்டிக் கொண்டால் மிஷின் கையை விட்டுத் துள்ளும். எந்தப் பக்கம் துள்ளும் என்பது அதற்குத்தான் தெரியும்.

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வகுப்புத் தோழன். இன்று இந்த மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். "என் பேர் வேண்டாம், விஷயத்தைச் சொல்லுடா" என்று அனுமதி கொடுத்திருக்கிறான். ஃபிட்டிங் ஒர்க் ஷாப்பில் எங்கள் பேட்சிலேயே அவன் செய்த ஜாயின்ட்தான் வெளிச்சம் புகாமல் பொருந்தும். படித்து முடித்து ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். அங்கே கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் ஷாப்புக்குள் நுழைபவரைத் திருப்பி அனுப்புகிற ஆள் இவன்தான். புது வீடு கட்டினான். மொட்டைமாடியில் துணிக்கொடி கட்ட ஒரு இரும்புக் கம்பி. கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் ஓரமாக வெட்ட வேண்டும். மூடி சுவரில் இடித்தது. கழற்றினான். கண்ணாடி ஆபீஸ் பையில், கீழே காரில் இருந்தது. "ரெண்டு நிமிஷ வேலைடா, அதுக்காக மூணு மாடி இறங்கணுமான்னு நெனச்சேன்" என்று ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னான். கம்பி வளைந்து டிஸ்கைக் கவ்வியது. டிஸ்க் உடைந்தது. இரண்டு முறை ஆபரேஷன் செய்தார்கள். இடது கண்ணில் பார்வை திரும்பவில்லை.

நண்பர்களே, அவனுக்குத் தெரியாததை நான் இங்கே ஒன்றும் சொல்லிவிடவில்லை. விளிம்பு வேகம் அவனுக்குத் தெரியும். சட்டம் தெரியும். கண்ணாடி சொந்தமாக வைத்திருந்தான். கம்பெனியில் அவன் ஃபோர்மேனாக இருந்தான். மொட்டைமாடியில் தொழிலாளியாக மட்டும் இருந்தான். "ரெண்டு நிமிஷ வேலை" என்ற வார்த்தை உங்கள் வாயில் வந்தால், அதுதான் பிளக்கைப் பிடுங்க வேண்டிய நேரம் என்று எடுத்துக் கொள்ளுங்கள். நாள் முழுக்கச் செய்கிற வேலைக்கு நாம் எல்லாம் தயார் செய்து கொண்டுதான் உட்காருகிறோம். இரண்டு நிமிட வேலைக்குத்தான் எதுவும் தயாராக இருப்பதில்லை.

அடுத்து, நம் ஊர்ப் பக்கம் எங்கே பார்த்தாலும் தெரியும் ஒரு காட்சி. மார்பிள் கட்டரைத் தலைகீழாகப் பிளைவுட் பலகையில் பொருத்தி, பிளேடு மேலே நீட்டிக் கொண்டிருக்கும்படி வைத்து, அதையே மரம் அறுக்கும் டேபிளாக்கி விடுவது. செலவு குறைவு என்பது உண்மை. அனுபவம் உள்ள தச்சர்கள் வருடக்கணக்கில் அதில் வேலை செய்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் அதில் என்னென்ன இல்லை என்று பாருங்கள்.

முதலில், பிளேடுக்கு மேலே மூடி இல்லை. இரண்டாவது, பிளேடுக்குப் பின்னால் நிற்க வேண்டிய சின்னத் தகடு இல்லை. அறுபட்ட மரம் மறுபடி நெருங்கி வந்து பிளேடைக் கவ்வாமல் தடுப்பது அந்தத் தகடுதான். கவ்விவிட்டால், பின்பக்கத்துப் பல் மரத்தைத் தூக்கி, அறுப்பவர் வயிற்றைப் பார்த்து எறியும். மரம் போகிற வேகத்தில் கையும் பிளேடு பக்கம் இழுபடும். மூன்றாவது, ஸ்விட்ச். டிரிக்கரை லாக் பண்ணியோ டேப் சுற்றியோ விட்டுவிட்டுச் சுவர் ஸ்விட்சில்தான் ஆன், ஆஃப். இப்போது கரண்ட் போகிறது என்று வையுங்கள். நம் ஊரில் கரண்ட் போவதற்கு நேரம் காலம் உண்டா? மிஷின் நின்றதும் குனிந்து தூசியைத் தட்டுவோம், பிளேடில் மாட்டிய சிம்பை எடுப்போம். கரண்ட் வருகிறது. விரல் எங்கே இருக்கிறது? தொழிற்சாலை மிஷின்களில் இதற்காகத்தான் நோ வோல்ட் ரிலீஸ் வைத்திருக்கிறார்கள். கரண்ட் திரும்பினாலும் நாமாக பட்டனை அழுத்தினால்தான் ஓடும். மின்சார இயந்திரப் பாடத்தில் மோட்டார் ஸ்டார்ட்டர் படம் வரைந்து மார்க் வாங்கிய அதே சமாசாரம்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். நல்ல டேபிள் ரம்பங்கள் விற்கும் அமெரிக்காவிலேயே, பிளேடில் பட்ட காயத்தோடு ஆண்டுக்கு ஏறத்தாழ 30,000 பேர் மருத்துவமனைக்கு வருவதாக அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்கிட்டது. 1999-இல் ஸ்டீவ் காஸ் என்பவர், தோல் பட்டதும் ஒரு விநாடியில் இருநூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் பிளேடை நிறுத்திவிடும் அமைப்பைக் கண்டுபிடித்தார். அது வைத்த மிஷினின் விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. நமக்குக் கட்டுப்படியாகும் வழிகள் எவை? ஒன்று, சின்னத் துண்டுகளைக் கையால் தள்ளாமல் ஒரு குச்சியால் தள்ளுவது. அந்தக் குச்சியை உங்கள் பட்டறையில் முதல் வேலையாகச் செய்து ஆணியில் மாட்டுங்கள். இரண்டு, பிளேடுக்கு நேர் பின்னால் நிற்காமல் ஓரடி தள்ளி நிற்பது. மூன்று, மரம் அறுக்க மரம் அறுக்கும் வட்ட ரம்பத்தையே வாங்குவது. அதில் கீழ் மூடி ஸ்பிரிங்கில் தானாக மூடிக் கொள்ளும். அந்த மூடியை ஆப்பு வைத்துத் திறந்து நிறுத்தாமல் இருந்தால் போதும்.

இனி கரண்ட். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நம் உடம்பின் மின்தடையை ஆயிரம் ஓம் என்று வைத்துக் கொண்டால், பாயக்கூடிய மின்னோட்டம் 230 மில்லி ஆம்பியர். சுமார் 10 மில்லி ஆம்பியரிலேயே பிடித்ததைக் கை விடாது. 50-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடலாம். "எங்க வீட்டுல எம்.சி.பி. இருக்கு சார்" என்பார்கள். உங்கள் பிளக் பாயிண்ட் எம்.சி.பி. 16 ஆம்பியர். அதாவது 16,000 மில்லி ஆம்பியர். அது உங்களைக் காப்பாற்ற வைத்ததல்ல, வயரைக் காப்பாற்ற வைத்தது. உங்களைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி.; எலெக்ட்ரீஷியன்கள் இன்னும் பழக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்பார்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தால், ஒரு விநாடியில் பத்தில் மூன்று பங்கு நேரத்துக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். அதில் டெஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கிறது. மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால், அது சுவருக்கு அலங்காரம்தான். இதையும் தெரிந்து கொள்ளுங்கள்: ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால், பூமிக்குக் கசிவு இல்லாததால் அதுவும் காப்பாற்றாது.

மிஷினின் பெயர்ப்பலகையில் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருந்தால் இரட்டைக் காப்பு உள்ள மிஷின். இரண்டு வயர் போதும். அது இல்லாத, உலோக உடம்பு மிஷினுக்கு எர்த் கட்டாயம். மூன்று பின் பிளக்கில் எர்த் பின் ஏன் நீளமாக, தடிமனாக இருக்கிறது? மற்ற இரண்டும் தொடுவதற்கு முன்னால் எர்த் தொட வேண்டும் என்பதற்காக. அதைப் பிடுங்கிவிட்டு இரண்டு பின்னில் ஓட்டுவதும், பிளக்கே இல்லாமல் வயர் நுனியைச் சீவி ஓட்டையில் விட்டு தீக்குச்சி செருகுவதும் நாம் எல்லோரும் பார்த்த காட்சிகள். பொறியியல் பட்டம் பெற்றவர் வீட்டிலும் பார்த்திருக்கிறேன். எக்ஸ்டென்ஷன் வயர் சுருளை முழுவதும் பிரித்துப் போட்டு ஓட்டுங்கள். சுருட்டியபடியே பெரிய மிஷினை ஓட்டினால் சூடு வெளியேற வழியில்லாமல் இன்சுலேஷன் உருகும்.

உடைக்கு வருகிறேன். அதே 1948-ஆம் ஆண்டுச் சட்டம், ஓடுகிற மிஷினின் பாகங்களைத் தொட்டு வேலை செய்பவர் இறுக்கமான உடை போட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னது. வீட்டில் நாம் லுங்கி, தோளில் ஒரு துண்டு, கழுத்தில் சங்கிலி, கையில் கயிறு. ஞாயிற்றுக்கிழமை ஃபோர்மேன் உடை அதுதான். துண்டையும் சங்கிலியையும் மோதிரத்தையும் கழற்றி வையுங்கள். தங்கைகள் துப்பட்டாவை எடுத்துவிட்டு, கூந்தலை உயர்த்திக் கட்டிக் கொள்ளுங்கள். காலில் ரப்பர் செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். பாதுகாப்பு என்று நினைத்து டேபிளில் பொருத்திய டிரில், பெஞ்ச் கிரைண்டர், லேத் இவற்றின் பக்கத்தில் நூல் கையுறை போடாதீர்கள். விரல் தப்பித்தாலும் நூல் சிக்கிக் கொள்ளும். நூலோடு கையும் போகும்.

கண்ணுக்குப் பார்வைக் கண்ணாடி போதாது. பக்கவாட்டிலும் மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். கிரைண்டர் என்றால் அதற்கு மேலே முகக் கவசமும். காதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது ஒரு கணக்கு. மூன்று டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும். கிரைண்டர் வெட்டும்போது 100 டெசிபலை எளிதாகத் தொடும். அதற்கு அனுமதி பதினைந்தே நிமிடம். காது போவது ஒரே நாளில் தெரியாது. டி.வி. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி வீட்டில் சண்டை வரும்போதுதான் தெரியும்.

தூசி இன்னும் மோசம். டைல்ஸ், கிரானைட் வெட்டும்போது வரும் சிலிகாத் தூசியையும், மரத் தூசியையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1990-களிலேயே சேர்த்துவிட்டது. சிலிகா நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது. நுரையீரலின் அடிவரை போகிற தூசி கண்ணுக்கே தெரியாது. தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கைக்குட்டை கட்டினால் நிற்காது. என்-95 முகக் கவசத்தைக் கொரோனா காலத்தில் எல்லோரும் வாங்கிப் பழகினோம். இதற்கும் அதுதான். தண்ணீர் விட்டு வெட்டுவதற்கென்று செய்த கட்டரில் தண்ணீர் விட்டே வெட்டுங்கள். தண்ணீரும் கரண்டும் சேரும் இடத்தில் ஆர்.சி.சி.பி. இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் ஏதாவது நடந்துவிட்டால்? முதல் பாடம், பட்டறையில் தனியாக இருக்காதீர்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒருவர் இருக்கட்டும், மெயின் ஸ்விட்ச் எங்கே என்று அவருக்குத் தெரிந்திருக்கட்டும். வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். காப்பித் தூள், மஞ்சள் தூள் போடாதீர்கள். டாக்டர் அதைக் கழுவி எடுப்பதற்கே நேரம் போகும். கண்ணில் ஏதாவது குத்தியிருந்தால் தேய்க்காதீர்கள், பிடுங்காதீர்கள், அழுத்திக் கட்டாதீர்கள். ஒரு காகிதக் கப்பைக் கவிழ்த்து மூடிக் கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விரல் துண்டாகிவிட்டால், அதை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரலை நேராக ஐஸில் வைக்கக் கூடாது. திசு கெட்டுப் போகும். 108-ஐக் கூப்பிடுங்கள். விரலை மறுபடி பொருத்தும் வசதி உள்ள மருத்துவமனைக்கு ஒரு போன் செய்துவிட்டுப் புறப்படுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையும் கோவை கங்கா மருத்துவமனையும் கை அறுவைச் சிகிச்சைக்குப் பெயர் பெற்றவை. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எது என்று இன்றைக்கே விசாரித்து, எண்ணைப் பட்டறைச் சுவரில் எழுதி வையுங்கள். அதுவும் ஃபோர்மேன் வேலைதான்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு இன்று ஒர்க் ஷாப்பில் கிடைக்கும் திட்டுக்கு மதிப்பு இருக்கிறது. வேலைக்குப் போன பிறகு அப்படித் திட்ட ஆள் கிடைக்க மாட்டார்கள். புராஜெக்ட் வேலைக்காக ஹாஸ்டல் அறையில் கிரைண்டரை ஓட்டாதீர்கள். ஒர்க் ஷாப்புக்கே எடுத்துப் போய், ஆசிரியரைக் கேட்டுச் செய்யுங்கள். கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

என் வயது நண்பர்களுக்கும் மூத்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மிஷினைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். அன்றைக்கு அதை ஓட்டவும் மாட்டோம். பிளக் எப்படியும் வெளியேதான் இருக்கும். வருகிற ஆயுத பூஜைக்குச் சந்தனம் குழைப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வயரில் வெடிப்பு இருக்கிறதா, பிளக் சரியாக இருக்கிறதா, கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டதா என்று பாருங்கள். தேதி போன டிஸ்குகளை உடைத்துப் போடுங்கள். ஆர்.சி.சி.பி. பட்டனை அழுத்திப் பாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளுங்கள். ஏன் என்று கேட்பார்கள், சொல்லுங்கள். கடைசியாக, அந்தப் பழைய அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்து, கழற்றி வைத்த மூடியை மறுபடி மாட்டுங்கள். அதற்குப் பிறகு பொட்டு வைக்கலாம்.